கேட்காமல் வைத்த பூ

பூ வைத்தாயிற்று. பூசாரி மாரப்பன் அம்மன் மேல் தண்ணீர் தெளித்து, அந்த ஈரக் கல்லில் வலது தோளில் ஒரு செவ்வரளியும் இடது தோளில் ஒரு செவ்வரளியும் ஒட்டவைத்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, மனசுல நெனச்சுட்டியா அம்மிணி என்று கேட்டார், நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்க ஆரம்பித்தேன், அது நிஜம். பாப்பாவை நங்கையோட அனுப்பினால் நல்லதா தாயே, நல்லது என்றால் வலதுபக்கப் பூவை விழவை, கெட்டது என்றால் இடதுபக்கப் பூவை விழவை என்று அத்தை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து, வரும்போது வேனிலும் ஒருமுறை சொல்லிக்கொடுத்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி எனக்கு வாயிலேயே இருந்தது. பாப்பாவை என்கிற வரைக்கும் வந்தது. அதற்குள் பாப்பாவின் கழுத்து மடிப்பில் பவுடர் திரண்டு வெள்ளைக் கோடாக நிற்பதைக் காலையில் பார்த்தோமே, துடைத்தோமா துடைக்கவில்லையா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது, மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது, பூசாரி கேட்டார், நான் ஆட்டிவிட்டேன். இப்போது அம்மன் தோளில் இரண்டு பூ இருக்கிறது, கேள்வி இல்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மனுக்கும் தெரிந்திருக்கும். பதிலுக்காக எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் பூ வாக்கு கேட்காமல் எதுவும் நடக்காது. தண்ணீருக்குப் போர் போடலாமா, வீடு வாங்கலாமா, பெண்ணை அந்த இடத்தில் கொடுக்கலாமா, எல்லாவற்றுக்கும் இங்கே வந்துதான் உட்காருவார்கள். பூ சில நேரம் வைத்தவுடன் விழும், சில நேரம் பொழுதுக்கும் விழாது, விழுகிற வரைக்கும் எழுந்து போகக் கூடாது. யாருடைய காரியமோ அவர்தான் மனசுக்குள் கேட்க வேண்டும், விழுவதற்கு முன்னால் வெளியே சொல்லக் கூடாது. அதனால்தான் என்னை முன்னால் உட்காரவைத்திருக்கிறார்கள். அத்தை, என் வீட்டுக்காரருடைய அம்மா, தூணோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அந்தப் பக்கம் நங்கை. இவருடைய அக்கா, அம்சவேணி என்று பெயர், பவானியிலிருந்து நேற்றே வந்துவிட்டாள். பாப்பா அவள் மடியில்தான் தூங்குகிறது. நங்கைக்கு இரண்டும் பையன்கள், மீசை முளைத்துவிட்டது, வீட்டில் ஒரு ரிப்பன் வாங்க ஆளில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நல்லவள். அதுதான் கஷ்டம், கெட்டவளாக இருந்திருந்தால் நான் யோசிக்கவே வேண்டியதில்லை. இவர் வாசல்படியில் நின்று ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றிக்கொண்டிருக்கிறார். வெளியே வேப்பமரத்தடியில் வேன், அதில் நங்கை வீட்டுக்காரர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருக்கிறார், பின் சீட்டில் பாப்பாவின் பை. வலது பூ விழுந்தால் வீட்டுக்குக்கூடப் போக வேண்டியதில்லை, இங்கிருந்தே பவானி, ராகு காலம் வருவதற்குள் கிளம்பிவிடலாம் என்று ஏற்பாடு. ஒரு வருஷத்துக்கு என்று பேச்சு. பாப்பா எழுந்து நடக்கிற வரைக்கும், எனக்கு உடம்பு தேறுகிற வரைக்கும். பையை நான்தான் காலையில் அடுக்கினேன். எதை வைப்பது எதை விடுவது என்று பார்த்துப் பார்த்து ஒன்றும் புரியாமல் எல்லாவற்றையும் வைத்துவிட்டேன், பிறந்தபோது போட்ட சட்டை இப்போது தலைகூட நுழையாது, அதையும் வைத்தேன், தொட்டில் சேலையையும் அவிழ்த்து வைத்தேன். வீட்டில் இப்போது பாப்பாவின் துணி ஒன்றுகூட இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் அப்படி அடுக்க மாட்டார்கள், வீட்டைக் காலி செய்கிறவர்கள்தான் அடுக்குவார்கள். அத்தை பார்த்துவிட்டு, ஏஞ்சாமி அதுக்கு இத்தனை எதுக்கு என்று பாதியை எடுக்க வந்து, என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

இப்போதாவது கேட்டுவிடலாம். பூ இன்னும் விழவில்லையே, இப்போது நினைத்தாலும் அம்மன் ஏற்றுக்கொள்வாள், நேரம் கழித்து வந்தாலும் பேர் எழுதிக்கொள்கிற டீச்சர் மாதிரி. தாயே பாப்பாவை நங்கையோட. சரி, வலது என்றால் எந்த வலது. எனக்கு வலதா, அம்மனுக்கு வலதா. அம்மன் என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு வலது எனக்கு இடது. அம்மனுடைய வலதுதான் கணக்கு என்று தெரியும், சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும், இருந்தாலும் இப்போது அது வழுக்கிக்கொண்டு போகிறது. இந்த வலது இடது என்றாலே எனக்கு அந்த மத்தியானம் வந்துவிடுகிறது. வேண்டாம் என்றாலும் வருகிறது. எங்கள் வீடும் தறி ஓடுகிற ஷெட்டும் ஒரே சுவர். தறி ஓடும்போது வீட்டுக்குள் பேச வேண்டும் என்றால் வாயைப் பார்த்துத்தான் பேசுவோம், பாத்திரம் விழுந்தாலும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பாப்பாவுக்கு எந்தப் பக்கம் கடைசியாகப் பால் கொடுத்தேன் என்று மறக்காமல் இருக்க நைட்டியில் அந்தப் பக்கமாக ஒரு ஊக்கு குத்திக்கொள்வேன், எங்கம்மா சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு ஊக்கு இல்லை. குளித்துவிட்டு நைட்டி மாற்றியபோது விட்டிருப்பேன். பாப்பா அழுதது, எடுத்தேன், மடியில் போட்டேன், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இப்போது சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஏதோ ஒரு பக்கம் கொடுத்தால் குடித்துவிட்டுப் போகிறது, குழந்தைக்கு அதில் என்ன வந்தது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. இடது என்று நினைத்தால் வலதாக இருக்குமோ, வலது என்று நினைத்தால் இடதாக இருக்குமோ, தப்பான பக்கம் கொடுத்தால் இன்னொரு பக்கம் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும், பாப்பாவுக்குப் பால் இல்லாமல் போகும், பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும், எல்லாம் என் கையால்தான் என்று ஒவ்வொன்றாக வரிசையாக வந்து நின்றது. கை தூக்க வரவில்லை. மேலே ஈரத் துணியைப் போட்டு மூடின மாதிரி இருந்தது. பாப்பா அழுவது வாய் திறந்து மூடுவதாகத்தான் தெரிந்தது, தறிச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை, கேட்காத அழுகையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது கரண்ட் போனது. எல்லாத் தறியும் ஒரே அடியாக நின்றது. பாப்பாவின் அழுகை மட்டும் மிச்சம். ஷெட்டிலிருந்து இவர் ஓடி வந்தார், அத்தை ஓடி வந்தாள், எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். எத்தனை நேரமாக அழுகிறது என்று யாருக்கும் தெரியாது. குரல் போய் விக்கல் மாதிரி வந்துகொண்டிருந்தது. நான் நைட்டி ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தை பாப்பாவை எடுத்தாள், திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அதற்கப்புறம் என்னைத் தனியாக விடுவதில்லை. கிணற்றுமேட்டுப் பக்கம் துணி துவைக்கப் போக வேண்டாம் என்று சொன்னாள், ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பூ அசைந்த மாதிரி இருந்தது. இல்லை, விளக்கு அசைந்தது. அன்றைக்குச் சாயங்காலம்தான் போனில் நங்கை சொன்னாள், புள்ளையை நான் கொண்டுபோய் வெச்சுக்கறேன் நாகமணி, நீ நல்லாத் தூங்கி எந்திரி என்று. நான், கூட்டிட்டுப் போங்க நங்க என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதை மறைக்கக் கூடாது. சொன்னவுடன் தலையிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கின மாதிரி இருந்தது. அப்போது எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். பாப்பாவுக்கு நிவிஷா என்று பேர் வைக்கலாமா என்று கேட்டபோது சரி என்றேன், அது நங்கை பார்த்து வைத்த பேர், நான் ஒரு பேர் வைத்திருந்தேன் வயிற்றில் இருக்கும்போதே, அதைச் சொல்ல வாய் வரவில்லை, இப்போது அதைச் சொன்னால் யாரோ வேறு ஒரு குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஒரு தடவை சரி என்று சொன்னதை எப்படித் திருப்பி வாங்குவது. நங்கை வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. பையன்கள் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டார்களாம். கொசுவலை வாங்கியிருக்கிறாளாம், ரோஸ் கலர்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இவர்தான் கூட்டிப்போனார். மனநலப் பிரிவு என்று போர்டு இருந்ததைப் பார்த்து, யாராவது நம்ம ஊர்க்காரர்கள் வந்திருக்கிறார்களா என்று அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. டாக்டர் சின்ன வயசு அம்மா, என்னைவிட நான்கைந்து வயசு பெரியவராக இருப்பார். பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி வரும், உங்க தப்பு இல்ல, இது ஒரு நோய், மாத்திரை இருக்கு, பால் கொடுக்கிறவங்களும் சாப்பிடலாம், வேலை செய்ய சில வாரம் ஆகும், நடுவுல நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுந்து வரும்போது, நல்லாகிற வரைக்கும் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க, சரியா என்றார். நான் சரி என்றேன். மற்றதெல்லாம் இவருக்கு வழியிலேயே மறந்துவிட்டது, இது ஒன்றுதான் வீடு வரைக்கும் வந்தது. அத்தையிடம் சொன்னார். அத்தை அதைத் தெருவுக்குச் சொன்னாள், பெருமையாகவே சொன்னாள், எங்க நாகமணியை யாரும் எதுவும் கேக்காதீங்க, டாக்டரு முடிவெடுக்கக் கூடாதுன்னுட்டாங்க என்று. பெரிய என்கிற வார்த்தை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நானும் அதைத் தேடவில்லை, எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. என்ன குழம்பு என்றால் அத்தையைக் கேட்பேன். தலைக்கு ஊற்றலாமா என்று கேட்பேன். மாத்திரை சாப்பிட்டு வாய் வறண்டு கிடக்கும், தண்ணீர் குடிக்கலாமா என்றுகூட ஒருநாள் கேட்டுவிட்டேன், அத்தை பயந்துவிட்டாள். கீரைக்கார ரங்காத்தா மட்டும் கூடையை இறக்கிவைத்து, அரைக்கீரையா தண்டங்கீரையா, இல்ல டாக்டரம்மாளைக் கேட்டுட்டு வர்றியா, நான் வேணா உக்காந்திருக்கறேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு, தொண்டையில் துருப் பிடித்த மாதிரி இருந்தது. அரைக்கீரை என்று சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து, இது பெரிய முடிவா சின்ன முடிவா என்று பயந்துகொண்டு, கீரைக் கட்டை அவிழ்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை வேலை செய்கிறது என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்றால் கோபம் வந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், சினிமாவில் மழை வருகிற மாதிரி, அதெல்லாம் இல்லை. முதலில் தூக்கம், கை நடுக்கம், எல்லாம் பஞ்சுக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி. அப்புறம் ஒருநாள் காப்பி கசந்தது. அதுவரைக்கும் காப்பிக்குக் கசப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. அதற்கப்புறம் போனவாரம் நங்கை வந்தபோது பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, தலையை வாரி, வலதுபக்கமாக வகிடு எடுத்துவிட்டிருந்தாள். நான் நடுவில் விடுவேன். பாப்பாவுக்கு இருப்பதே நாலு முடி, அதில் வகிடு எங்கே இருந்தால் என்ன, ஆனால் எனக்கு வயிற்றிலிருந்து சூடாக ஒன்று ஏறி வந்தது, என் புள்ளை, நடுவில்தான் என்று. யாரும் இல்லாதபோது கலைத்துவிட்டு நடுவில் எடுத்தேன். கை நடுங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க அதையே நினைத்துப் பயந்தேன். இந்த ஆசை யாருடையது. மாத்திரை போடுவதற்கு முன்னால் கூட்டிட்டுப் போங்க என்று சொன்னவளும் நான்தான், இப்போது என் புள்ளை என்கிறவளும் நான்தான், இரண்டில் எது நான். அப்போது நோய் பேசியது என்றால் இப்போது மாத்திரை பேசுகிறதா. மாத்திரையை நிறுத்தினால் இந்த ஆசையும் நின்றுவிடுமா. டாக்டரம்மாவைப் போன தடவை கேட்கலாம் என்றுதான் போனேன், வரிசை நீளமாக இருந்தது, இவர் பக்கத்திலேயே நின்றார், நான் வாய் வறண்டுபோகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு யாரிடமும் பேச வராது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான், நின்றுகொண்டே இருப்பேன், அவர் உட்கார் என்று சொல்லும் வரைக்கும்.

வேன் ஹாரன் அடிக்கிறது, ஒரே ஒருதடவை, மரியாதையாக. நங்கை வாசல் பக்கம் பார்த்து, செத்த இருங்க என்கிற மாதிரிக் கையைக் காட்டுகிறாள். இவர் காலை மாற்றி ஊன்றுகிறார். இவரும் ஒரு முடிவு எடுத்து நான் பார்த்ததில்லை, இப்போதுதான் அது எனக்குத் தோன்றுகிறது. பழைய தறியை மாற்ற வேண்டும் என்றால் அக்காவுக்கு ஒரு போன். சட்டை எடுக்கப் போனால் இரண்டையும் என்னிடம் தூக்கிக் காட்டுவார், நான் ஒன்றைச் சொன்னால் அம்மாவிடம் காட்டுவார். அக்கா சொன்னால் அம்மாவைக் கேட்பார், அம்மா சொன்னால் இங்கே வந்து பூ வைப்பார்கள். அம்மாவும் அப்படித்தான், நங்கையும் அப்படித்தான், நங்கை பவானி வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று இங்கே வந்து உட்கார்ந்து, பூ விழாமல், சாப்பிடாமல் இருந்து, கடைசியில் பல்லி கத்தியதை வைத்து முடிவு பண்ணினாள். அவர்களையெல்லாம் யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. ஐயோ, கோயிலில் உட்கார்ந்து என்ன நினைப்பு இது. தப்பு தாயே, தப்பு. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் பாப்பாவைத் தோளில் போட்டு நடந்தவள் அத்தைதான். பாப்பா இன்றைக்கு உயிரோடு இருப்பதே கரண்ட் போனதால், இவர் ஓடி வந்ததால். நான் திரும்பவும் அப்படி உட்கார்ந்துவிட்டால். அப்போது கரண்ட் போகாவிட்டால். இதற்குப் பதில் இல்லாமல் என் புள்ளை என் புள்ளை என்று சொல்வது நியாயமா, நடுவகிடு எடுத்தால் ஆயிற்றா. அனுப்பிவிடுவதுதான் பாப்பாவுக்கு நல்லது போல. நங்கைக்கு என்னை மாதிரிக் கை நின்றுபோகாது, மனசு நின்றுபோகாது, எந்தப் பக்கம் என்று யோசிக்கவே மாட்டாள். சரி, அப்படியே கேட்டுவிடுகிறேன், தாயே. இல்லை, மாற்றிக் கேட்கலாமா, பாப்பா என்னிடம் இருந்தால் நல்லதா, நல்லது என்றால் வலது. அப்படிக் கேட்டு வலது விழுந்தால் நான் சொன்னதை இவர்கள் நம்புவார்களா. அம்மனை ஏமாற்றின மாதிரி ஆகிவிடாதா. வலதுபக்கப் பூ இப்போது நிஜமாகவே கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கல் காய்கிறது, காயக் காயத்தான் விழும், ஒரு பக்கம் விளக்கு இருக்கிறது, அந்தப் பக்கம் சீக்கிரம் காயாதா, விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, அம்மனுக்கு வலதுபக்கம். எப்போதும் வலதுபக்கம்தானா. இதை யாராவது யோசித்திருப்பார்களா. கேள் நாகமணி, ஏதாவது ஒன்றைக் கேள், விழப்போகிறது, கேட்காமல் விழுந்தால் அது எதற்குப் பதில். பாப்பா முனகியது. தூக்கத்தில்தான், நங்கையின் மடியில் முகத்தைத் திருப்பி, வாயைக் குவித்து, அவள் சேலையில் தேடியது. கிடைக்கவில்லை. திரும்பவும் தேடியது. எனக்கு இரண்டு பக்கமும் பால் சுரந்து ஜாக்கெட் நனைந்தது, யாரையும் கேட்காமல். நான் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பூ விழுந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

விழுந்துருச்சு என்று அத்தை சொன்னது கேட்டது. வலது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, அம்மா உத்தரவு குடுத்துட்டா சாமி என்று நங்கையின் முழங்காலைத் தொட்டாள். நங்கை பாப்பாவை மார்போடு எடுத்துக்கொண்டு எழுந்தாள். இவர் வேனைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேன் உறுமியது. பூசாரி விழுந்த பூவை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, வழக்கமாகக் கேட்கிற மாதிரி, என்ன கேட்டே அம்மிணி, இப்பச் சொல்லலாம் என்றார். எனக்கு எழுந்து நிற்கத்தான் தெரியும், எழுந்து நின்றேன். கால் மரத்துப் போயிருந்தது. உட்கார் என்று யாராவது சொல்லுவார்கள் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.

“நான் எதுவும் கேக்கலைங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என் குரலும் அப்படித்தான், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கே கேட்காது. திரும்பவும் சொன்னேன். மனசுல எதுவும் வரலைங்க, தெரியாம தலையை ஆட்டிட்டனுங்க என்றேன். அத்தை என் கையைப் பிடித்து, சாமி முன்னால விளையாடாதே கண்ணு என்று மெதுவாகச் சொன்னாள், அவள் கை சில்லென்று இருந்தது. பூசாரி ஒன்றும் கோபப்படவில்லை. இத்தனை வருசத்துல இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை, கேக்காமயே வாங்கிட்டுப் போறவங்கதான் அதிகமாட்டம் இருக்குது என்று சொல்லிவிட்டு, அப்ப இன்னொருக்கா வெச்சுக்கலாம், பூவுக்கா பஞ்சம் என்று கூடையில் கையை விட்டார். அத்தை, வைங்க சாமி வைங்க என்றாள். எனக்கு அந்த இடத்தில்தான் பயம் முழுக்க வந்தது, திரும்பவும் அங்கே உட்கார்ந்து அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமே என்று. வேண்டாமுங்க என்று வாயிலிருந்து வந்தது. நங்கையின் முன்னால் போய் நின்று கையை நீட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள்.

“பாப்பாவை நான் அனுப்பலைங்க நங்க.”

நங்கை பாப்பாவைக் கொடுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. அத்தைதான் பேசினாள். அவளும் பயந்துபோய்த்தான் பேசினாள், எனக்கு அது தெரிந்தது. டாக்டரு முடிவு எடுக்காதேன்னு சொன்னாங்களா இல்லியா, நீயும்தானே சரீன்னுட்டு வந்தே என்றாள். சரிதான். நான் அதற்கு என்ன சொல்வது என்று யோசித்தேன், யோசிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே பேசவில்லை, அது எனக்குப் புதுசு.

“அனுப்பறதுதானுங்க அத்தை பெரிய முடிவு. அதைத்தான் நான் எடுக்கலைங்கறேன்.”

நங்கை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அப்ப என்னை நம்பலியா நீ என்றாள். அவள் உதடு கோணியது, ரோஸ் கலர் கொசுவலை எனக்கு ஞாபகம் வந்தது, பாவமாக இருந்தது, ஒரு நொடி, போகட்டும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடுவேன் போல இருந்தது. உங்களை நம்பறனுங்க, என்னைத்தான் இன்னும் நம்ப வரலைங்க, ஆனா அது வர்ற வரைக்கும் பாப்பா அங்க இருந்தா வரவே வராதுங்க என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் பேசினது அதுதான் அதிகம். நீங்க வேணா இங்க வந்து இருங்க நங்க, பத்து நாளைக்கு என்றேன். நங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆமா, அங்க மூணு தடியனுகளுக்கு சோத்தை நீயா வந்து ஆக்கிப் போடறே என்றாள். சொல்லிவிட்டுப் பாப்பாவை என் கையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாப்பா விழித்துக்கொண்டு அழுதது. நான் தூணுக்கு அந்தப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டேன். எந்தப் பக்கம் கொடுத்தேன் என்று கவனிக்கவில்லை. பாப்பா அழுகையை நிறுத்தியது. எனக்குப் பயம் போகவில்லை, போகும் என்று நினைத்தேன், போகவில்லை, தப்புப் பண்ணிவிட்டோமா, ராத்திரி என்ன செய்யப் போகிறோம், நாளைக்கு மத்தியானம் என்ன செய்யப் போகிறோம் என்று எல்லாம் பழையபடி வரிசையாக வந்தது. வந்து நின்றது. பாப்பா குடித்துக்கொண்டிருந்தது.

வேன் உறுமல் நின்றுவிட்டது. இவர் என் பக்கம் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி கேட்டார்.

“ராத்திரி அழுதா?”

“உங்களை எழுப்புவேன்.”

“நான் தறியில இருந்தா?”

“தறியை நிறுத்திட்டு வருவீங்க.”

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். நங்கை மூக்கைச் சிந்திக்கொண்டு வேனில் இருந்த பையை இறக்கப் போய்விட்டாள். அம்மாவைப் பார்த்தார். அத்தை கண்ணை மூடியிருந்தாள். பூசாரியும் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவர் ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றினார். அப்புறம், செரி என்றார்.